வியர்க்காத பாதம்

மருத்துவப் பாடம்: பரிவு நரம்பு அறுவைச் சிகிச்சையும் அதன் பின் வரும் மாற்றங்களும்



உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் நடைபெறும் இந்த மருத்துவ ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவருகிறீர்கள். உங்கள் காணிக்கை எங்கே செலவாகிறது என்று கணக்குச் சொல்வதோடு, அது ஏன் அங்கே செலவாகிறது என்பதையும் நீங்கள் அறியவேண்டும் என்பது எங்கள் விருப்பம். அதற்காகவே இந்தப் பாடம். வீட்டிலும் சபையிலும் வாசித்து, தேவைப்படுகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இம்முறை நாங்கள் எடுத்துக்கொண்டது பரிவு நரம்பு அறுவைச் சிகிச்சை. டாக்டர்கள் இதைச் 'சிம்பதெக்டமி' என்பார்கள். எங்கள் சிறிய மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் செய்யப்படுவதில்லை. நகரங்களில் உள்ள பெரிய மருத்துவமனைகளில் செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்களே எங்களிடம் வருகிறார்கள். ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் சரீரத்தில் உண்டாகும் மாற்றங்களோடு அவர்கள் வாழவேண்டிய வருஷங்கள் அநேகம். அந்த வருஷங்கள் இங்கே, ஏரிக்கரையிலும் நெல் வயலிலும் தறிக்குழியிலும் கழிகின்றன. ஆகவே அந்த மாற்றங்களை அறிந்துகொள்வது நம்முடைய கடமையாகிறது.

நரம்புகளின் மூன்று வேலைகள்

நம் கால்களுக்கு வரும் நரம்புகள் மூன்று விதமான வேலைகளைச் செய்கின்றன. முதலாவது, உணர்வு. முள் குத்தினால், சுடுமணலில் மிதித்தால், அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது இவ்வகை நரம்பு. இரண்டாவது, அசைவு. விரலை மடக்கு, பாதத்தைத் தூக்கு என்று மூளை இடும் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டுவருவது இது. மூன்றாவது வேலை நம் கவனத்துக்கே வராதது. இரத்தக் குழாயைச் சுருக்குவதும் வியர்வையைச் சுரக்கச் செய்வதும் இந்த மூன்றாம் வகை நரம்புகளின் பொறுப்பு. இவற்றையே பரிவு நரம்புகள் என்கிறோம். நாம் தூங்கும்போதும் இவை தூங்குவதில்லை.

கால்களுக்கு வரும் பரிவு நரம்புகள் முதுகெலும்பின் முன்பக்கமாக, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக, மணி கோத்த சரம்போல இறங்குகின்றன. ஒவ்வொரு மணியும் ஒரு நரம்பு முடிச்சு. இடுப்புப் பகுதியில் உள்ள இரண்டாவது, மூன்றாவது முடிச்சுகளை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்துக் காலுக்குப் போகும் கட்டளை நின்றுவிடும். இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியும். தோலுக்கு இரத்தம் கூடுதலாக வரும். சில்லிட்டுக் கிடந்த பாதம் வெதுவெதுப்பாகும். அதோடு வியர்வையும் நின்றுபோகும்.

இந்த உண்மையை 1851-இல் பிரான்சு தேசத்து அறிஞர் கிளாட் பெர்னார்ட் ஒரு முயலிடத்தில் கண்டார். கழுத்தில் ஒருபக்கத்துப் பரிவு நரம்பை வெட்டியதும் அந்தப் பக்கத்துக் காது சூடேறியது. 1920-களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் ராயில் என்ற அறுவை மருத்துவரும் ஜான் ஹண்டர் என்ற உடற்கூறு அறிஞரும் விறைத்துப்போன கால்களைத் தளர்த்தும் எண்ணத்துடன் இடுப்பிலுள்ள முடிச்சுகளை எடுக்கும் சிகிச்சையைச் செய்தார்கள். கால் விறைப்பில் அவர்கள் எதிர்பார்த்த பலன் நிலைக்கவில்லை. ஆனால் கால் சூடாகவும் உலர்ந்தும் இருப்பதைக் கண்டார்கள். அன்றுமுதல், இரத்த ஓட்டம் குறைந்த கால்களுக்கு இது ஒரு சிகிச்சையாக உலகமெங்கும் பரவிற்று.

நம் ஊரில் இது யாருக்கு?

நம் பக்கத்தில் இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்களில் முக்கியமானவர்கள் பீடி, சிகரெட் பழக்கமுள்ள நடுவயதுக்கு உட்பட்ட ஆண்கள். அவர்களுக்கு வருவது பர்ஜர் நோய். 1908-இல் நியூயார்க் நகரில் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அதற்கு முன்பே 1879-இல் வினிவார்ட்டர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் இப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். கை கால்களின் சிறிய, நடுத்தர இரத்தக் குழாய்கள் வீங்கி, உள்ளே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். முதலில் நடந்தால் வலி. பிறகு படுத்திருந்தாலும் வலி. இரவெல்லாம் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்பு விரல் நுனியில் ஒரு புண். அது ஆறாது. விரல் கறுக்கும்.

இந்த நோய்க்கு நிச்சயமான சிகிச்சை ஒன்றே ஒன்று: புகையிலையை முற்றிலும் விட்டுவிடுவது. குறைத்துக்கொள்வது போதாது. ஒரு நாளைக்கு ஒரு பீடி என்றாலும் நோய் நகர்ந்துகொண்டே இருக்கும். வாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலையும் அப்படியே. விரல் அழுகுவதற்கு முன்பே விட்டவர்களில் பெரும்பாலோர் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். இன்று இரத்தக் குழாயை விரிக்கும் ஐலோப்ரோஸ்ட் போன்ற ஊசி மருந்துகளும் உண்டு. பைபாஸ் ஆபரேஷனும் சிலருக்குச் செய்கிறார்கள். ஆனால் அடைபடுவது சிறிய குழாய்கள் என்பதால் பைபாஸ் செய்ய அநேகருக்கு வழியில்லை. அப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் படுத்திருக்கும்போது வரும் வலியைத் தணிக்கவும் சிறிய புண்கள் ஆறவும் பரிவு நரம்பு சிகிச்சை உதவுகிறது. முடிச்சுகளை அறுத்து எடுப்பதும் உண்டு. எக்ஸ்ரே பார்த்தபடி ஊசியால் மருந்து செலுத்தி அவற்றைச் செயலிழக்கச் செய்வதும் உண்டு.

கிடைப்பதும் இழப்பதும்

தேவன் வைத்த ஒரு நரம்பை எடுக்கும்போது நன்மை மாத்திரம் தனியே வருவதில்லை. கிடைப்பது எது, இழப்பது எது என்று நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். நாங்கள் கவனிக்கும் முக்கிய மாற்றங்கள் இவை:

1. பாதம் உலர்ந்துபோதல். நம் உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அங்கே தோலை ஈரமாகவும் மிருதுவாகவும் வைத்திருப்பது வியர்வைதான். அது நின்றால் தோல் தடித்து, கோடைக்கால ஏரிமண்போல வெடிக்கும். வெடிப்பில் மண்ணும் கிருமியும் நுழையும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தச் சிறு வெடிப்பே பெரிய புண்ணாகிவிடும்.

2. தொடை வலி. ஆபரேஷன் முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், தொடையின் முன்பக்கத்திலோ வெளிப்பக்கத்திலோ ஒரு வலி தொடங்கும். இரவில் அதிகமாகும். வீட்டுக்கு வந்தபிறகு தொடங்குவதால் பயம் அதிகம். பெரும்பாலும் சில வாரங்களில், அல்லது இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே போய்விடும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்பதற்கு இது அடையாளமல்ல.

3. வேறிடத்தில் வியர்வை. கால்களில் நின்ற வியர்வைக்கு ஈடாக முதுகிலும் வயிற்றிலும் அதிகமாக வியர்க்கலாம்.

4. ஆண்களுக்கு வரும் குறை. இருபுறமும் முதலாவது முடிச்சையும் சேர்த்து எடுத்தால் விந்து வெளிப்படுவது தடைபட்டு, பிள்ளைப்பேற்றுக்குத் தடையாகலாம். ஆகவே மருத்துவர்கள் அந்த முடிச்சை ஒருபுறமாவது விட்டுவைக்கக் கவனமாயிருக்கிறார்கள். இளம் குடும்பஸ்தரிடம் கூச்சம் பார்க்காமல் இதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

5. சூடு குறைதல். ஆபரேஷனால் வந்த வெதுவெதுப்பு சில மாதங்களிலோ சில வருஷங்களிலோ குறையக்கூடும். நரம்பை இழந்த உறுப்பு, இரத்தத்தில் வரும் அட்ரினலின் போன்ற பொருள்களுக்கு முன்னைவிட அதிகமாக இணங்கத் தொடங்குகிறது. அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1939-இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். பீடி குடித்தால் அட்ரினலின் கூடும். ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகு பீடி பிடிக்கிறவர், கிடைத்த நன்மையைத் தம் கையாலேயே திருப்பிக் கொடுக்கிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஆபரேஷனால் தோலுக்கு வரும் இரத்தமே கூடுகிறது, தசைக்கு அவ்வளவாகக் கூடுவதில்லை. ஆகையால் நடக்கும்போது வரும் கெண்டைக்கால் வலி தீரும் என்று நம்பிப் போகிறவர் ஏமாந்துபோவார்.

"எங்களுக்குப் பெருநோயா?"

பெயரும் ஊரும் சொல்லாமல் ஒருவரைப் பற்றி எழுதுகிறோம். விவசாயக் கூலி. வாலிபத்திலிருந்தே பீடிப் பழக்கம். கால்விரலில் ஆறாத புண்ணோடு நகரத்துக்குப் போய், ஒரு விரலை எடுத்து, பரிவு நரம்பு ஆபரேஷனும் செய்துகொண்டு திரும்பினார். பாதம் சூடாயிற்று. இரவுத் தூக்கம் வந்தது. பீடியையும் விட்டிருந்தார். இரண்டு வாரம் கழித்துத் தொடை வலி ஆரம்பித்தது. அது வரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கையிலிருந்த சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. "இவ்வளவு செலவு செய்தும் வீணாய்ப் போச்சே" என்ற துக்கத்தில், வலியைத் தாங்க மறுபடியும் பீடியை எடுத்துவிட்டார்.

எங்கள் கிராம ஊழியர்கள் அவரைப் பார்க்கையில் நான்கு மாதம் ஆகியிருந்தது. குதிகால் இரண்டும் வெடித்துக் கிடந்தன. அவருடைய மனைவி நர்ஸ் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, வெயில்ல நின்னாலும் இவர் கால் வேர்க்கவே மாட்டேங்குது. எங்களுக்குப் பெருநோய் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். ஏற்கெனவே அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருந்தார்கள். பாயும் திண்ணைக்குப் போய்விட்டது. பிள்ளைகள் கிட்டே வருவதில்லை.

நர்ஸ் அம்மா அவரை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் பாதத்தில் இங்கும் அங்கும் தொட்டார். "எங்கே தொட்டேன், விரலால் காட்டுங்க ஐயா" என்று கேட்கக் கேட்க, அவர் ஒவ்வொரு முறையும் சரியாகக் காட்டினார். மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரும் பரிசோதித்துத் தொழுநோய் இல்லை என்று உறுதி சொன்னார். வியர்வையை நிறுத்தியது ஆபரேஷன். உணர்வு நரம்புகளை அது தொடவில்லை. இந்த ஒரு விளக்கம் முதல்நாளே கிடைத்திருந்தால் அந்தக் குடும்பம் இவ்வளவு வேதனைப்பட்டிருக்காது, அவரும் பீடிக்குத் திரும்பியிருக்கமாட்டார் என்று நினைக்கிறோம்.

செங்கல்பட்டு கற்றுக்கொடுத்தது

அந்த அம்மாளின் பயத்தைப் பேதைமை என்று சொல்லமாட்டோம். நம் வட்டாரத்தில் அந்தப் பயத்துக்குப் பழைய காரணம் உண்டு. உத்திரமேரூருக்குக் கிழக்கே செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் நடத்திய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் இருந்தது. 1955-இல் அது மத்திய அரசின் தொழுநோய் போதனை ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. வியர்க்காத, உணர்வில்லாத தேமல் தொழுநோயின் அடையாளம் என்று இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும்.

1947-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் இந்தச் செங்கல்பட்டு இல்லத்துக்கு வந்தார். நம் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெசி, ஈவ்லின் பிராண்ட் தம்பதியருக்கு 1914-இல் பிறந்த மகன் அவர். அங்கே தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரை நோயாளிகளிடத்தில் அழைத்துச் சென்றார். மடங்கிப்போன விரல்களையுடைய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடி இரும்புபோல் இருந்தது. செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்ததில் பலமுள்ள தசைகள் இருந்தன. அன்று எழுந்த கேள்வியே அவருடைய வாழ்நாள் ஊழியமாயிற்று.

தொழுநோயாளியின் கைகால்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் நம்பினார்கள். அப்படியல்ல என்று பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் காட்டினார்கள். கிருமி நரம்பைக் கெடுக்கிறது. உணர்வு போனதால் சுடுவதும் குத்துவதும் தெரிவதில்லை. பரிவு நரம்பும் போனதால் வியர்வை நின்று தோல் வெடிக்கிறது. வெடிப்பும் காயமும் தெரியாமலே மிதித்து நடப்பதால் புண் பெரிதாகிறது. அந்தக் காலுக்கு ஓய்வும் பாதுகாப்பும் கொடுத்தால் புண் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறுகிறது. 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் இந்தப் பாடத்தின்மேல் வேலை நடந்தது. மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அப்படி நமக்குக் கிடைத்த ஒன்று.

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, முழுச் சுகமும் உண்டு. ஆனால் புதிய நோயாளிகள் இன்னும் வருகிறார்கள். ஆகவே வியர்க்காத பாதத்தைக் கண்டால் பயப்படவும் வேண்டாம், அசட்டையாக விடவும் வேண்டாம். பஞ்சு நுனி தொட்டால் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் உடனே பரிசோதனைக்கு அனுப்புங்கள். தெரிந்தாலும், காரணம் அறிய ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை வியாதியும் இதே பரிவு நரம்புகளைக் கெடுத்துப் பாதத்தை உலர்த்தும் என்பதை மறக்கவேண்டாம். ஆபரேஷன், தொழுநோய், சர்க்கரை வியாதி ஆகிய மூன்று வழியாக வந்தாலும் வெடித்த பாதத்துக்குச் செய்யவேண்டிய பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றே.

உள்ளங்கை வியர்வைக்கு ஆபரேஷன் தேவையா?

வாலிபர்களையும் பெற்றோரையும் எண்ணி ஒரு எச்சரிக்கை. சிலருக்கு உள்ளங்கை மிதமிஞ்சி வியர்க்கும். பரீட்சைத் தாள் நனையும். பட்டுத் தறியில் உட்காருகிறவருக்குக் கை ஈரம் பெரிய தொல்லை. இதற்காக மார்புக் கூட்டுக்குள் சிறு குழாய் செலுத்தி, அங்குள்ள பரிவு நரம்பை வெட்டும் ஆபரேஷன் 1990-களிலிருந்து பல தேசங்களில் பரவிற்று. கை உடனே உலர்ந்துபோவது உண்மை. ஆனால் அநேகருக்கு முதுகு, வயிறு, தொடைகளில் வியர்வை பெருகிச் சட்டை நனைகிறது. சிலருக்கு அது முன்னிருந்த தொல்லையைவிடக் கடினமாகிவிடுகிறது. முகமும் மார்பின் மேற்பகுதியும் வியர்க்காமல் போவதால் கத்திரி வெயிலில் வேலை செய்வது கஷ்டமாகலாம். மேலேயுள்ள முடிச்சுக்குச் சேதம் நேர்ந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணிமை இறங்கி, கண்மணி சுருங்கும். வெட்டியதைப் பழையபடி ஆக்க நிச்சயமான வழி இல்லை. தைவான் தேசத்தில் 2004-இல் இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைச் செய்யத் தடை விதித்தார்கள்.

ஆகவே முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள். அலுமினியம் குளோரைடு பூச்சு, தண்ணீரில் கைவைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சை போன்றவை உண்டு. வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஆபரேஷன் கடைசி வழியாக இருக்கட்டும்.

பாதத்தைக் காக்கும் விதம்

எங்கள் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று சொல்லிக்கொடுப்பது இதுதான்:

1. தினமும் ஒருமுறை வெளிச்சத்தில் உட்கார்ந்து பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். கண் தெரியாதவருக்கு வீட்டார் பார்க்கவேண்டும்.

2. புண் இல்லாத பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவையுங்கள். ஈரத்தை லேசாக ஒற்றிவிட்டு உடனே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். எண்ணெய் ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். விரல் இடுக்குகளில் தடவவேண்டாம். புண்ணோ கறுப்போ இருந்தால் ஊறவைக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

3. வெந்நீர், நெருப்பு, சுடுமணல் எதுவும் ஆகாது. மார்கழிக் குளிரில் அடுப்பண்டையில் காலை நீட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரத்தம் குறைந்த கால் எளிதில் வெந்துபோகும்.

4. தடித்த தோலைப் பிளேடால் சீவாதீர்கள். இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் கல்லால் தேய்ப்பதற்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

5. வெறுங்காலோடு நடக்கவேண்டாம். செருப்பைப் போடுமுன் தட்டி, உள்ளே முள்ளோ கல்லோ இருக்கிறதா என்று பாருங்கள்.

6. புகையிலை எந்த வடிவத்திலும் வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த முடிச்சை எடுக்கிறீர்கள், என்ன மாறும், எது திரும்ப வராது என்று தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச்சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற விதிகளை எல்லாரும் அறியக் கல்லில் வெட்டிவைத்த ஊர் நம் உத்திரமேரூர். தன் சரீரத்தைப் பற்றி அறியவேண்டியதை அறிந்துகொள்ள நம் ஜனங்களுக்கு உரிமை உண்டு.

வேதம் நமக்குக் காட்டுவது

கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் 12-ம் அதிகாரத்தை இந்தப் பாடத்தோடு சேர்த்து வாசியுங்கள். சரீரத்தில் பலவீனமாகத் தோன்றும் அவயவமும் எவ்வளவு அவசியமானது என்று அப்போஸ்தலன் அங்கே விளக்குகிறார். வியர்வைச் சுரப்பியை நாம் ஒரு அவயவமாகவே எண்ணுவதில்லை. அது ஓய்ந்தபோதுதான் ஒரு மனிதன் வேலையையும், தன் வீட்டில் தனக்கிருந்த இடத்தையும் இழக்கும் நிலைக்கு வருகிறான். யோவான் 13-ம் அதிகாரத்தையும் வாசியுங்கள். நம் ஆண்டவர் குனிந்து கையில் எடுத்தது பாதங்களையே.

ஆபரேஷனுக்காகக் கொடுப்பது நல்ல காரியம். அதற்குப் பின்வரும் பராமரிப்புக்காகக் கொடுப்பது அதற்குக் குறைந்ததல்ல என்று உங்களுக்குத் தாழ்மையுடன் சொல்ல விரும்புகிறோம். ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு, ஒரு டப்பா வாசலின், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோகும் ஊழியரின் பஸ் கட்டணம் என்று கணக்கில் சிறிதாகத் தெரிகிறவை ஒரு காலைக் காக்கின்றன. மேலே சொன்ன சகோதரர் மறுபடியும் பீடியை விட்டு, இப்போது செருப்பணிந்து வேலைக்குப் போகிறார். வெடிப்புகள் ஆறிவிட்டன. நோய் திரும்பாது என்று நாங்கள் வாக்குக் கொடுக்கமுடியாது. பழக்கம் அவரை ஒவ்வொரு நாளும் கூப்பிடுகிறது என்று அவரே சொல்லுகிறார். தட்டும் டம்ளரும் மாத்திரம் இப்போது பொதுவாகிவிட்டன.

ஜெபக்குறிப்புகள்

புகையிலையை விட்டவர்கள் உறுதியாக நிலைத்திருக்க ஜெபியுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் வழியில் விடப்படாமல் தொடர்ந்து பராமரிக்கப்பட ஜெபியுங்கள்.

தொழுநோயைப் பற்றிய பயத்தினால் பிரிந்திருக்கும் குடும்பங்கள் ஒன்றுசேர ஜெபியுங்கள்.

வெயிலிலும் மழையிலும் கிராமங்களுக்கு நடக்கும் எங்கள் ஊழியர்களின் சுகத்துக்காக ஜெபியுங்கள்.



ஆண்டவரின் பணியில்,
மருத்துவமனை ஊழியர் குடும்பம்
உத்திரமேரூர் வட்டம்